கோட்டைக் கதவைத் திறந்தவன்

கண்ணு,

உன் கடிதம் நேற்று வந்தது. பெங்களூரில் விடாத மழை என்றும், ஃபாக்டரியில் உனக்கு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள் என்றும், கல்யாணத்துக்கு முன்னால் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஊரில் பரிகாரம் நல்லபடியாக முடிந்ததாகச் சித்தப்பா உனக்கும் எழுதிவிட்டாராம். எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகு, மறந்துபோய் நினைவு வந்ததுபோல அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். "அப்பா, மாரப்ப மாமா வீட்டுப் பெரியவர்கள் கோட்டையைக் காட்டிக் கொடுத்தது நிஜந்தானா? ஊரே சொல்கிறது, அவரே ஒத்துக்கொண்டுவிட்டார், நெருப்பில்லாமல் புகையுமா?" நேற்றிலிருந்து அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊர் கேட்டபோது தாங்கிக்கொண்டேன். உனக்காவது தெரியும் என்று நினைத்துத்தான் தாங்கிக்கொண்டேன். இப்போது நீயும் கேட்டுவிட்டாய். இனி நான் யாரிடம் போவேன்?

அந்தக் கோட்டைக் கதையை நான் எழுதியபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீ. மத்திகிரியில் இதே வாடகை வீடு, பரீட்சை முடிந்து நீ வீட்டில் இருந்த கோடை. பண்ணை ஆபீசிலிருந்து வந்து சாயங்காலம் நான் எழுதுவேன். மறுநாள் நீ அதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்காக முத்து முத்தாக நகல் எடுப்பாய். என் கிறுக்கலைப் படிக்க உன் அம்மாவை விட்டால் உன்னால்தான் முடியும். அம்மா போய் வருஷம் திரும்பாத சமயம். நாம் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அழத் தெரியாமல், அந்தக் கோட்டைக் கதையைப் பேசிப் பேசியே நாளைத் தள்ளினோம். அரிசியைக் கரிய விட்டுவிட்டு, கோட்டைக்குள் எத்தனை குதிரை இருந்திருக்கும் என்று சண்டை போட்டோமே, அதெல்லாம் உனக்கு நினைவில்லையா?

அந்தக் கதைக்காக நான் அலைந்த அலைச்சலும் உனக்குத் தெரியும். பெத்தகோட்டை என்று தெலுங்கில் பெரிய பெயர்தான். நம் ஊரில் இருப்பது இடிந்த மண்சுவரும் ஒரு கல்வாசலும். மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் இந்தப் பக்கத்தை மாற்றி மாற்றி மிதித்த காலத்தில், ஒரு படை வந்து கோட்டையை வளைத்துக்கொண்டு தண்ணீரை அடைத்தது. உள்ளே இருந்த சனங்கள் தவித்தார்கள். ஒரு நாள் கதவு திறந்தது, கோட்டை விழுந்தது. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவே. மீதியைக் கேட்பதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போய் வீடு வீடாக உட்கார்ந்தேன். ஒருவர் தெலுங்கில் அழுதார், ஒருவர் கன்னடத்தில் திட்டினார், இன்னொருவர் தமிழில் ஆரம்பித்து வேறெதிலோ முடித்தார். கிணற்றுச் சேற்றைத் துணியில் பிழிந்து குழந்தைகளுக்குக் கொடுத்தது, மாட்டுத் தோலை ஊறவைத்து வேகவைத்துத் தின்றது, விதைக் கேழ்வரகைப் புதைத்துவிட்டு அதன் மேலேயே படுத்துச் செத்துப்போன ஒருத்தி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. போன இடங்களிலெல்லாம் என்னை அதிகம் உபசரித்தது மாரப்பன் வீடுதான். கோட்டை வாசல் காவல் பார்த்த வம்சம் என்று அவர்களுக்கு ஊரில் 'வாசல்காரர்' என்று பெயர். களியும் கீரையும் அவன் மகள் கௌரிதான் பரிமாறுவாள். அந்தப் பழக்கத்தில்தானே உனக்கு அவளைக் கேட்டேன்? நீயும் ஒரு தரம் என்னோடு வந்து பார்த்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்க இஷ்டம்ப்பா" என்றாய். தை மாதம் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம்.

கதவைத் திறந்தது யார் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை. ஊரில் வயதில் மூத்த திம்மப்பரிடம் துருவித் துருவிக் கேட்டேன். அவர் கையை விரித்துவிட்டார். "தெலீது சாமி. யாரு தொறந்தாங்கன்னு எவனுக்குத் தெரியும்? தொறந்துச்சு, அவ்ளோதான். பசி தொறந்துச்சுன்னு வெச்சுக்கங்களேன்." அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு நான் எழுந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. எனக்குப் பசி போதவில்லை. ஒரு ஆள் வேண்டியிருந்தது.

நீ பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாய், "யாராச்சும் தொறந்துதானேப்பா ஆகணும்?" நான் சொன்னேன், "சாவி எவன்கிட்ட இருந்துச்சோ அவன்தான் தொறந்திருக்க முடியும்." "அப்போ வாசல்காரங்களா?" என்றாய். "கதைக்கு அப்படி வெச்சுக்கலாம்" என்றேன். கதைக்கு. இந்த ஒரு சொல்லை உன் காது கேட்டதா இல்லையா? பிறகு சிக்கண்ணன் என்று ஒரு பெயரை நானே வைத்தேன். அவனைக் கெட்டவனாகவா எழுதினேன்? தாகத்தில் நாக்குத் தள்ளிக் கிடந்த குழந்தைகளைப் பார்க்கச் சகிக்காமல், எதிரியிடம் தண்ணீர் கேட்டுக் கதவைத் திறந்தான் என்றுதானே எழுதினேன்? எழுதும்போது அழுதேன். நகல் எடுத்த உன் கண்ணும் கலங்கியிருந்தது. காசு வாங்கித் திறந்தான் என்று ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை.

தொடர் வாராவாரம் வந்தபோது ஊரே கொண்டாடியது. படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, வயலிலிருந்து வந்தவர்கள் கை கால் கழுவாமல் உட்கார்ந்து கேட்டார்கள். சிக்கண்ணன் கதவைத் திறந்த வாரம் மாரப்பனுக்குத்தான் பெருமை அதிகம். "எங்க தாத்தனப் பெரிய ஆளாக்கிட்டீங்களே மச்சான்!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு பண்டிகை வரைக்கும்கூட நிற்கவில்லை. படிப்பகத்தில் கேட்டவர்கள் வீட்டில் போய்ச் சொன்னபோது தாகம் விட்டுப்போயிற்று, குழந்தைகள் விட்டுப்போனார்கள். வாசல்காரன் திறந்தான் என்பது மட்டும் மிஞ்சியது. எதற்குத் திறந்தான் என்று கேட்டவர்களுக்கு அவரவர் ஒரு கூலியைச் சேர்த்துச் சொன்னார்கள். ஒருவர் பொன் என்றார், ஒருவர் நிலம் என்றார்.

மாரியம்மன் பண்டிகையில் அம்மன் பல்லக்கு கோட்டை வாசலுக்கு வந்தால், மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கதவைத் திறந்துவிடுவது வாசல்காரர் வீட்டு உரிமை. அந்த வருஷமும் மாரப்பன் குளித்து ஈர வேட்டியோடு செம்பை ஏந்தி நின்றான். பல்லக்கு பத்தடி தள்ளியே நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு இளவட்டம் கத்தினான், "அன்னிக்கு எதிராளிக்குத் தொறந்த கை இன்னிக்கு ஆத்தாளுக்கும் தொறக்கணுமா?" யாராவது அவனை அடக்குவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் அடக்கவில்லை. உன் சித்தப்பா, ஊர்ப் பெரியதனத்தில் இருப்பவர், முன்னால் வந்து மாரப்பன் கையிலிருந்த செம்பை மெதுவாக வாங்கிக்கொண்டார். மெதுவாகத்தான் வாங்கினார். ஈர வேட்டி காயும்வரைக்கும் அவன் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஏர் பூட்டக் கூட்டாள் வரவில்லை, சாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கௌரி தண்ணீர் எடுக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

பண்டிகை அன்றே படிப்பகத்துத் திண்ணையின் மேல் ஏறி நின்று சொன்னேன், "அது நான் கட்டின கதை. சிக்கண்ணன்னு ஒருத்தன் இருந்ததே இல்ல." எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் சொன்னார், "அதெப்பிடிங்க இல்லாமப் போவும்? நீங்க வூடு வூடா வந்து எங்களக் கேட்டுத்தானே எழுதினீங்க?" நான் திம்மப்பரைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களே சொல்லுங்க, யாருன்னு தெரியாதுன்னுதானே எங்கிட்டச் சொன்னீங்க?" அவர் என்னைப் பார்த்த பார்வையில் பொய் இல்லை, கண்ணு. அதுதான் என்னைக் கலங்கடித்தது. "நாந்தானே சாமி உங்களுக்குச் சொன்னேன், சிக்கண்ணன்னு? எங்கப்பன் எனக்குச் சொன்னாரு. மறந்துட்டீங்களா?" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வெள்ளத்தில் தென்பெண்ணையைத் தாண்டும்போது தாத்தா உன்னைத் தோளில் வைத்துத் தூக்கிப் போனதும், அவர் தலைமுடியை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டதும் உனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது என்பாயே. நீ பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அவர் தூக்கிப் போனது உன் சித்தப்பாவை. நான் சொல்லக் கேட்டுக் கேட்டு நீ அந்தத் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். உன் அம்மா எத்தனை தரம் சொன்னாலும் நீ இறங்கவில்லை. நாங்களும் சிரித்து விட்டுவிட்டோம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். மனசு தெளிவாகக் காட்டுகிறது என்பதற்காக ஒருவன் மேல் பழி போடாதே. மனசு எதையும் தெளிவாகக் காட்டும்.

பிறகு சாட்சி தேடிப் புறப்பட்டேன். கோட்டை விழுந்ததும் ஓடிப்போன குடும்பங்கள் கல்லாவிப் பக்கமும் சிங்காரப்பேட்டைப் பக்கமும் இருப்பதாகக் கேள்வி. அவர்களில் யாராவது வேறு மாதிரி சொல்லமாட்டார்களா என்று நப்பாசை. கல்லாவியில் சந்தைக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டேன். கோட்டை என்ற ஒன்றையே அவர்கள் மறந்துவிட்டிருந்தார்கள். சிங்காரப்பேட்டையில் ஒரு மண்டிக்காரர் உட்கார வைத்து மோர் கொடுத்தார். தன் முப்பாட்டன் பெத்தகோட்டைக்காரர் என்றார். எனக்கு உயிர் வந்தது. கதவைப் பற்றிக் கேட்டேன். "அதா? வாசல்காரன் சிக்கண்ணன் தொறந்துட்டான்னு எங்க வூட்டுல சொல்லுவாங்களே!" என்றார். பத்திரிகை அவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. மோரைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். எழுதும்போது ஒரு நாள் வேலை அது. அழிக்க ஜில்லா முழுக்க அலைந்தும் ஆகவில்லை.

கடைசியில் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றினேன். ஊர் கூடியிருந்தது. எரிகிற கற்பூரத்தைக் கையில் அடித்து அணைத்து, "ஆத்தா மேல சத்தியமா நான் எழுதினது கற்பனை" என்றேன். கை கொப்பளித்துப்போயிற்று. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரி, நம்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். திம்மப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "பெரிய மனசு சாமி உங்களுக்கு. சம்பந்தி வூட்டக் காப்பாத்தப் பொய் சத்தியம் பண்ணக்கூட அஞ்சல பாருங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். என்னை மெச்சினார்கள், கண்ணு. மெச்சினார்கள். உன் கல்யாணம் என் சத்தியத்தைத் தின்றுவிட்டது.

இதற்கு மேல் கீழே விழ இடமில்லை என்று இருந்தேன். அப்புறந்தான் மாரப்பன் ஒரு மத்தியானம் மத்திகிரிக்கு வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். எம்மேல பாவப்படாம சொல்லுங்க. எங்க பெரியவங்க தொறந்தாங்கதானே?"

"மாரப்பா, நீயுமா? நான் கட்டினதுடா அது!"

"இல்ல மச்சான். ரோசன பண்ணிப் பாத்தேன். எங்கப்பன் சாவற மட்டும் கோட்டக் கெணத்துல தண்ணி குடிச்சதில்ல. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. இப்பத்தான் புரியுது."

"அந்தத் தண்ணி உப்பு! ஊர்ல எவன்டா அதக் குடிக்கறான்?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "சிக்கண்ணங்கற பேரு எங்க வூட்டுப் பேருதான் மச்சான். சின்னதுல காதுல விழுந்த மாதிரியே இருக்குது" என்றான். நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். உலுக்க உலுக்க அசைந்தான், அவ்வளவுதான். காரணம் தெரியாமல் அடி வாங்குவதைவிட, செய்த தப்புக்கு வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டால் அவனுக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதியை அவனிடமிருந்து எப்படிப் பிடுங்குவேன்?

பரிகார யோசனை உன் சித்தப்பாவுடையது. மாரப்பன் மொட்டை அடித்துக்கொண்டு, கோட்டை வாசலில் ஊர் முன்னால் விழுந்து, பெரியவர்கள் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊர் மன்னித்துவிடும், உரிமை திரும்பும், ஆவணியில் கல்யாணமும் நடக்கும். சித்தப்பா கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் நல்லதென்றுதான் செய்தார். நான் அவர் காலைப் பிடிக்காத குறை. "நடக்காத ஒண்ண நடந்துச்சுன்னு ஒத்துக்கச் சொல்றியே, தம்பி" என்றேன். "அவனே நடந்துச்சுங்கறான், உனக்கென்னண்ணா?" என்றார். போன வெள்ளிக்கிழமை நடந்தது. மாரப்பன் விழுந்தான், சொன்னான். சொல்லி முடித்ததும் ஊரே ஓடி வந்து அவனைத் தூக்கியது. செம்பை வாங்கிய சித்தப்பாவே அதை அவன் கையில் கொடுத்தார். பண்டிகையில் கத்திய இளவட்டம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். வாழை இலை போட்டுச் சோறு போட்டார்கள். பிறக்கப்போகும் பேரனுக்குச் சிக்கண்ணன் என்றே பெயர் வைத்து, அந்தப் பெயரை ஊரில் தலைநிமிர வைக்க வேண்டும் என்று மாரப்பன் என்னிடம் சொன்னான். அது உன் பிள்ளை, கண்ணு. ஊர் இன்றைக்கு மன்னித்த பாவம் உன் பிள்ளைகள் வழியாகத்தான் போகப்போகிறது. செய்யாத பாவம்.

அன்றைக்குக் கௌரி கோட்டை வாசலுக்கு வரவில்லை. நான் பஸ்ஸுக்கு நடந்து வந்தபோது ரோட்டோரம் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாளைப் போட்டுவிட்டு வந்து வழியை மறித்தாள்.

"மாமா, எங்கப்பன் இன்னிக்குச் சோறு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாரு. எத்தன நாளாச்சோ அப்பிடித் தின்னு. இனி அவுருகிட்ட நான் ஒண்ணும் பேச முடியாது. நீங்க சொன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க. உங்க மவன் அன்னிக்குப் பக்கத்துல குந்தி எழுதினாருன்னு சொன்னீங்களே?"

"ஆமாம்மா."

"அப்ப அவுரு வரட்டும். தாலி கட்டறதுக்கு முன்ன, அதே வாசல்ல நின்னு, எங்கப்பா கற்பனையா எழுதினாரு, நான் கூட இருந்தேன், இவங்க வூட்டு ஆளு தொறக்கலன்னு ஊருக்குச் சொல்லட்டும். சொல்லாம கட்டறதா இருந்தா எனக்கு வேணாம். மன்னிச்சு வுட்ட வூட்டுப் பொண்ணா நான் எங்கியும் வாழப் போவ மாட்டேன்."

"சொன்னா நம்புவாங்களாம்மா?"

"நம்ப மாட்டாங்க. எங்காதால நான் கேக்கணும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் மறுபடி தட்டு அறுக்கப் போய்விட்டாள். அவளிடம் உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். சில நாள் கழித்து, நேற்று உன் கடிதம், அதன் அடியில் அந்த வரி.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் நூறு புத்தி சொல்லலாம். எனக்கு இன்று எதுவும் சொல்லத் தோன்றவில்லை, யோக்கியதையும் இல்லை. கேட்கத்தான் தோன்றுகிறது. இரண்டு நாள் லீவு போடு. அந்தக் கோடையை உட்கார்ந்து யோசித்துப் பார். நான் இங்கே எழுதியதை வைத்து யோசிக்காதே, உனக்குள்ளேயே தேடிப் பார். நினைவு வந்தால் சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் நேரே கோட்டை வாசலுக்கு வா. நினைவு வராவிட்டால் வரவில்லை என்று அவளுக்கே எழுதிவிடு. எனக்காகப் பொய் சொல்ல வராதே, அந்த ஊரில் ஒரு பொய்க்கு மேல் தாங்காது. நீ வாசலுக்கு வந்தால், சொல்லும்போது மெதுவாகச் சொல்லாதே. அவள் பின்னால், பெண்கள் கூட்டத்தில் நிற்பாள். அங்கே வரைக்கும் கேட்க வேண்டும்.

அப்பா